மாணாக்கரின் வாசலும் பெற்றோரின் திறவுகோலும்

டியூஷன் வகுப்பு நடத்தும் உபாத்தியாயர்கள் பலர் தங்களுக்கெனச் சொந்தமாக இணையதளம் அமைக்க முற்பட்டிருக்கிறார்கள். மாணாக்கர்களுக்கு ஒரு வாசல், பெற்றோர்களுக்கு ஒரு வாசல், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு கடவுச்சொல் என்று ஏற்பாடு செய்கிறார்கள். பாடக் குறிப்பு, வீட்டுக் கணக்கு, பரீட்சை மார்க்கு, வருகைப் பதிவு, சம்பள பாக்கி ஆகிய யாவும் வீட்டிலிருந்தே பார்க்கக் கிடைக்கின்றன. இம்முயற்சியை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் வாசலுக்குச் சாயம் பூசுவதில் காட்டும் சிரத்தையில் கால் பங்கு கூடப் பூட்டு அமைப்பதில் காட்டப்படுவதில்லை என்பதே நமது குறை.

இது சிலரை மட்டும் பொறுத்த விஷயமல்ல. மத்திய சர்க்கார் 2025-ம் வருஷத்தில் எடுத்த கல்விக் கணக்கெடுப்பின்படி, நமது தேசத்து மாணாக்கர்களில் நூற்றுக்கு 27 பேர் தனிப்பயிற்சி பெற்று வந்தனர். நகரங்களில் 30.7, கிராமங்களில் 25.5. இத்தனை குழந்தைகளின் பெயரும், விலாசமும், மார்க்கும், வகுப்புக்கு வந்து போகும் நேரமும் யாரோ ஒருவருடைய ஏட்டிலோ யந்திரத்திலோ இருக்கின்றன. அந்த யந்திரத்தின் திறவுகோல் யார் கையில் இருக்கிறது என்று கேட்போர் எத்தனை பேர்?

தனி வாசல் இல்லாத இடத்தில் இன்று நடப்பதை முதலில் பார்ப்போம். வாட்ஸ்அப் குழுவில் வகுப்பு முழுவதன் மார்க்குப் பட்டியலும் வெளியாகிறது. முதல் மார்க்கு வாங்கியவனுக்குக் கைதட்டல். கடைசி மார்க்கு வாங்கியவனுக்கோ ஐம்பது வீடுகளில் அவமானம். சம்பளம் கட்டாதவர்களின் ஜாபிதாவும் அதே குழுவில் வருவதுண்டு. தகப்பனாரின் வறுமையைப் பிள்ளையின் சிநேகிதர்கள் படித்துத் தெரிந்துகொள்கிறார்கள். இந்த அநாகரிகத்தை ஒழிப்பதற்குத் தனி வாசல் நல்ல பரிகாரம், சந்தேகமில்லை.

ஆயினும், வாசல் இருப்பதனாலேயே வீடு பத்திரமாகிவிடாது. பாஸ்கரன் என்னும் மாணாக்கன் தன் மார்க்குப் பக்கத்தைத் திறக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மேலே முகவரி வரியின் முடிவில் 101 என்ற எண் நிற்கிறது. விளையாட்டாக அதை 102 என்று மாற்றுகிறான். அடுத்த மாணாக்கியின் மார்க்கும், தாயாரின் செல்போன் எண்ணும் அவன் கண்முன் வந்துவிடுகின்றன. உள்ளே வருவோரை வாசலில் நிறுத்தி விசாரித்துவிட்டு, உள்ளே வந்தவர் எந்த அறையைத் திறக்கிறார் என்று கவனியாமல் விடுவதால் நேரும் குற்றம் இது. இணையப் பாதுகாப்பை ஆராயும் ஓவாஸ்ப் என்னும் ஸ்தாபனம் 2021-ல் வெளியிட்ட அபாயப் பட்டியலில் இந்த வகைக் குற்றத்துக்கே முதலிடம் அளித்தது. ஒவ்வொரு பக்கம் கேட்கப்படும்பொழுதும், கேட்பவருக்கு அதைப் பார்க்கும் உரிமை உண்டா என்று யந்திரம் மறுபடியும் சோதித்தாக வேண்டும். இதற்குப் பெரும் செலவில்லை, பொறுப்புணர்ச்சிதான் வேண்டும்.

"நம்மிடம் படிப்பது நாற்பது பேர். இங்கே வந்து எவன் திருடப் போகிறான்?" என்று சில உபாத்தியாயர்கள் சொல்லக்கூடும். பெரிய ஸ்தாபனங்களும் ஏமாந்திருக்கின்றன என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். அமெரிக்காவில் பள்ளிகளின் பதிவேடுகளை வைத்துப் பராமரிக்கும் பவர்ஸ்கூல் கம்பெனியின் கோட்டைக்குள் 2024 டிசம்பரில் திருடன் புகுந்தான். ஒப்பந்த ஊழியர் ஒருவருடைய கடவுச்சொல் ஒன்றே அவனுக்குப் போதுமானதாயிருந்தது. 6 கோடிக்கு மேற்பட்ட மாணாக்கர்களின் விவரங்களும், 1 கோடி உபாத்தியாயர்களின் விவரங்களும் பறிபோயின. அதைச் செய்தவன் 19 வயதுள்ள கல்லூரி மாணவன். கம்பெனி பணம் கொடுத்த பின்னரும், 2025 மே மாதத்தில் சில பள்ளி நிர்வாகங்களுக்கு மீண்டும் மிரட்டல் வந்தது. களவு போன விவரம் பணத்தால் திரும்பி வருவதில்லை.

நம் நாட்டிலும் இத்தகைய அனுபவம் உண்டு. சர்க்காரின் தீக்ஷா செயலியைச் சேர்ந்த கோப்புகள் காவலற்ற சேமிப்பில் கிடந்ததும், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட உபாத்தியாயர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் எவரும் பார்க்கும்படி இருந்ததும் 2023 ஜனவரியில் வெளியாயின. மேலும், சிறிய வகுப்பில் பயப்பட வேண்டியவன் தூரதேசத்துத் திருடன் மட்டுமல்ல. ஒரு பெண் எந்தத் தெருவில் இருக்கிறாள், மாலை எத்தனை மணிக்கு வகுப்பு முடிந்து தனியாக நடந்து செல்கிறாள் என்பதை அறிய விரும்பும் பக்கத்துத் தெருக்காரனும் இருக்கிறான். நாற்பது பேர் என்பதனால் அந்த ஆபத்து குறைந்துவிடவில்லை.

அடுத்து, பெற்றோரின் வாசல். பிள்ளையின் வருகையையும், மார்க்கையும், சம்பளக் கணக்கையும் அறியப் பெற்றோருக்குப் பூரண உரிமை உண்டு. ஆனால் எல்லாவற்றையும் காட்டிவிடுவதே யோக்கியம் என்று நாம் கருதவில்லை. "ஐயா, நேற்று நடத்திய பாடம் எனக்கு விளங்கவில்லை, மறுபடி சொல்லுங்கள்" என்று மாணாக்கன் உபாத்தியாயருக்கு எழுதுகிறான். அதைத் தகப்பனார் அன்றிரவே படித்துப் பிரம்பை எடுப்பாரானால், மறுநாள் முதல் அவன் கேட்பதையே நிறுத்திவிடுவான். கேள்வி நின்ற இடத்தில் கல்வியும் நின்றுவிடும். ஆகவே, பெற்றோர் எதைப் பார்ப்பார்கள், எதைப் பார்க்கமாட்டார்கள் என்பதை இரு தரப்பாருக்கும் முதல் நாளே உபாத்தியாயர் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குழந்தைக்கு ஆபத்து என்று தோன்றும் சமயங்களில் மட்டும் இவ்விதிக்கு விலக்கு இருக்கலாம்.

தாயாருக்குத் தனித் திறவுகோல் கொடுப்பதும் அவசியம். வீட்டில் இருப்பது ஒரே செல்போன், அதுவும் மூத்த பிள்ளையின் கையில் என்ற நிலை எத்தனையோ குடும்பங்களில் இருக்கிறது. சிறிது நேரம் தொடாமல் இருந்தால் வாசல் தானே மூடிக்கொள்ள வேண்டும். இணையதளம் முழுவதும் இங்கிலீஷில் இருந்து, பெற்ற தாய் அதைப் படிக்க இயலாவிட்டால், அவளுக்குக் கொடுத்த திறவுகோல் வீணே. தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வகுப்பின் வாசலில் தமிழ் இருப்பதுதான் நியாயம்.

சட்டமும் இப்பொழுது இதில் தலையிட்டிருக்கிறது. 2023-ம் வருஷத்துத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர் யாவரையும் குழந்தைகளாகக் கருதுகிறது. அவர்களுடைய விவரங்களைச் சேகரிக்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். அது பெற்றோர்தான் என்று சரிபார்த்துக்கொள்ளவும் வேண்டும். குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்வதற்குத் தடை உண்டு. குழந்தைகள் சம்பந்தமான கடமைகளில் தவறினால் 200 கோடி ரூபாய் வரையிலும், பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் 250 கோடி ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க இடமிருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம் அளிக்கப்பட்டது. கல்வி ஸ்தாபனங்களுக்குச் சில விலக்குகளும் உண்டு. அவகாசத்தையும் விலக்கையும் நிழலாகக் கொண்டு தூங்குவது உபாத்தியாயருக்கு அழகல்ல.

செய்ய வேண்டுவன அதிகமில்லை. கேட்க வேண்டிய விவரத்தை மட்டும் கேளுங்கள். கணக்குப் பாடம் சொல்ல ஆதார் எண் எதற்கு? பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாகக் கொடுக்காதீர்கள். வகுப்பில் மிட்டாய் வாங்கியவர் எல்லோருக்கும் அது தெரியும். கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைக்காமல், திருப்பிப் படிக்க முடியாத உருவில் மாற்றி வைக்கும்படி தளத்தை அமைப்பவரிடம் சொல்லுங்கள். எல்லா அறைகளையும் திறக்கும் உபாத்தியாயரின் திறவுகோலுக்குக் கடவுச்சொல்லோடு ஒருமுறை எண்ணும் சேர்ந்து இரட்டைப் பூட்டு இருக்கட்டும். படிப்பை முடித்துச் சென்றவரின் விவரங்களை அழித்துவிடுங்கள். பணமில்லை என்போருக்கு 2002 முதல் இலவசமாகக் கிடைத்து வரும் மூடுல் போன்ற பொது மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றையும் அவ்வப்போது புதுப்பித்து வரவேண்டும். திறப்பு விழாவுக்கு முன் பொய்ப் பெயரில் இரண்டு மாணாக்கர் கணக்குகளை உண்டாக்கி, ஒருவர் அறையிலிருந்து மற்றவர் அறைக்குள் போக முடிகிறதா என்று நீங்களே சோதித்துப் பாருங்கள்.

ஊர்தோறும் இரவுப் பாடசாலைகளும் இலவச வகுப்புகளும் நடத்தும் பொதுநலத் தொண்டர்களுக்கும் இதையே சொல்லுகிறோம். இலவசமாகக் கற்பிக்கிறோம் என்பதற்காக ஏழைப் பிள்ளையின் மானத்தை இலவசமாக வாரி இறைக்க எவருக்கும் உரிமையில்லை. பெற்றோர்களும் சேர்க்கையின்போது, "மார்க்கு எத்தனை வரும்?" என்று கேட்பதோடு, "என் குழந்தையின் விவரத்தை யார் யார் பார்ப்பார்கள்?" என்றும் கேட்க வேண்டும். தக்க பதில் சொல்ல முடியாதவர், பதில் தயாராகும் வரையில் தமது இணையதளத்தைத் திறவாமல் வைத்திருப்பதே நலம். பிள்ளைகளை நம்பி ஒப்படைத்திருப்பவர்களுக்கு உபாத்தியாயர் செய்ய வேண்டிய முதற் கடமை அது.