வீட்டு இணைய இணைப்பு: வேகத்தோடு முகவரியையும் கேளுங்கள்

வீட்டுக்கு இணைய இணைப்பொன்றை எடுக்கச் செல்லும் நம்மவர்கள் வழமையாக இரண்டு கேள்விகளைத்தான் கேட்கின்றனர். மாதம் எவ்வளவு? எத்தனை ஜீ.பீ.? சற்று விவரம் தெரிந்தவர்கள் வேகத்தையும் விசாரிப்பார்கள். கேட்கப்பட வேண்டிய இன்னுமொரு கேள்வி இருக்கின்றது. "இந்த இணைப்புக்குப் பொது முகவரி கிடைக்குமா, கிடைக்காதா?" விற்பனை முகவர் தானாக இதைச் சொல்வதில்லை. விளம்பரத்திலும் இருப்பதில்லை. கேட்டாலும் சில முகவர்களுக்குப் பதில் தெரிவதில்லை.

இந்தக் கேள்வி பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகளின் விளையாட்டில்தான் முதலில் தலைகாட்டுகின்றது. "வாப்பா, போர்ட் ஓபன் ஆகுதில்ல, வேற ரவுட்டர் வாங்கணும்" என்று மகன் வந்து நிற்பான். வியாபாரப் பக்கத்தில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று மூத்த வாசகர்கள் முகம் சுளிக்கக்கூடும். ரவுட்டருக்குக் காசு கொடுப்பவர் வாப்பா. அவருடைய கடையின் சீசீடிவி கமராவும் இதே கேள்வியில்தான் மாட்டிக்கொண்டு நிற்கின்றது. ஆகவே இது வியாபார விடயம்தான்.

கொம்பனித்தெருவில் இன்று எழுந்து நிற்கும் தொடர்மாடிகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளே நூற்றுக்கணக்கான வீடுகள், வீதிக்கு ஒரே இலக்கம், வாசலில் ஒரு காவலாளி. உள்ளிருப்பவர் எப்போதும் வெளியே போகலாம். வெளியிலிருந்து வருபவரோ எந்த வீட்டுக்கு என்று சொல்ல வேண்டும், அந்த வீட்டுக்காரரும் அவரை விடும்படி சொல்லியிருக்க வேண்டும். வீட்டு ரவுட்டர் செய்வது இந்தக் காவலாளியின் வேலை. வீட்டிலுள்ள கணனி, கைத்தொலைபேசி, பிளேஸ்டேஷன் யாவற்றுக்கும் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகள் உண்டு. வெளியுலகுக்குத் தெரிவது ஒரேயொரு முகவரி. அழைக்காமல் வெளியிலிருந்து வரும் எதையும் ரவுட்டர் திருப்பி அனுப்பிவிடும். "25565 என்ற இலக்கத்தைச் சொல்லி வருபவரை இந்தக் கணனிக்கு அனுப்பு" என்று காவலாளியிடம் எழுதிக் கொடுப்பதற்குப் பெயர்தான் போர்ட் போர்வர்டிங். 25565 என்பது மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பின் வழமையான இலக்கம். கவுண்டர் ஸ்ட்ரைக் சேர்வர்களுக்கு 27015.

2000களில் தொலைபேசிக் கம்பி வழியாக வந்த ஏ.டி.எஸ்.எல். இணைப்புகளில் இது இலேசான காரியமாக இருந்தது. ரவுட்டருக்குப் பெரும்பாலும் ஒரு பொது முகவரி கிடைத்துவிடும். அணைத்து மீண்டும் போட்டால் அது மாறும், அவ்வளவுதான். நானாமார் தம்பிமாருக்குச் சொல்லிக் கொடுக்கும் பாடம் அந்தக் காலத்துக்குரியது. சிம் போட்ட 4ஜி ரவுட்டரில் அதே பாடம் பலிப்பதில்லை. அங்கே நம் வாசல் காவலாளிக்கு அப்பால், பிரதான வீதியில், இன்னொரு காவலாளி நிற்கிறார். அவர் கம்பனியின் ஆள். பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே வெளிமுகவரியை வைத்திருப்பவர். நம் வாசலில் எத்தனை கடிதம் எழிக் கொடுத்தாலும் அந்தப் பெரிய வாசலில் அது செல்லாது. ரவுட்டரை மாற்றினாலும் செல்லாது. பைபர் இணைப்பென்றாலே பொது முகவரி உறுதி என்று எண்ணிவிடவும் முடியாது. அது கம்பனியையும் பெக்கேஜையும் பொறுத்தது.

கம்பனிகள் ஏன் இப்படிச் செய்கின்றன? முகவரிகள் தீர்ந்துவிட்டன என்பதே உண்மையான காரணம். இணையத்தின் பழைய முகவரி முறையில் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகளே உண்டு. உலகக் களஞ்சியத்தின் கடைசித் தொகுதிகள் 2011 பெப்ரவரியில் பங்கிடப்பட்டன. நமது ஆசிய பசுபிக் பிராந்தியம் அதே ஆண்டு ஏப்ரலில் தன் கடைசித் தொகுதிக்குள் இறங்கி, பங்கீட்டு முறையில் கொடுக்க ஆரம்பித்தது. 2012இல், கம்பனிகள் தமது வாடிக்கையாளர்களை ஒரே கூரையின் கீழ் வைப்பதற்கென்றே 100.64 இலிருந்து 100.127 வரையான முகவரிகள் ஒதுக்கி வைக்கப்பட்டன.

தட்டுப்பாடு வந்தால் சந்தை வரும் என்பது கொழும்பு 2இல் ஒரு பேர்ச் காணியின் விலை தெரிந்தவர்களுக்குப் புதிதல்ல. கனடாவின் நோர்ட்டல் கம்பனி வங்குரோத்தாகியபோது, 2011இல் அதன் 666,624 முகவரிகளை மைக்ரோசொஃப்ட் 75 இலட்சம் டொலருக்கு வாங்கியது. முகவரியொன்று 11 டொலர் 25 சதம். அமேசன் கம்பனி 2024 பெப்ரவரி 1 முதல் தனது கணனிச் சேவையில் ஒவ்வொரு பொது முகவரிக்கும் மணித்தியாலத்துக்கு அரைச் சதம் அறவிடத் தொடங்கியது. கேட்பதற்குச் சில்லறை. வருடத்துக்குக் கணக்குப் பார்த்தால் 43 டொலரைத் தாண்டுகின்றது.

எனவே பொது முகவரிக்கு ஒரு கம்பனி மேலதிகக் கட்டணம் கேட்பதில் நான் குற்றம் காணவில்லை. அரிய பொருளுக்கு விலை உண்டு. சொல்லாமல் விற்பதுதான் என் முறைப்பாடு. புறக்கோட்டையில் துணி விற்பவர்கூட "இது சாயம் போகும்" என்று சொல்லி விற்றால்தான் அடுத்த பெருநாளுக்கும் அதே வாடிக்கையாளர் வருவார்.

சொல்லாததால் வரும் நட்டம் யார் தலையில் விழுகின்றது என்று பாருங்கள். ஜாவா லேன் பக்கத்துத் தொடர்மாடியொன்றில் வசிக்கும் எனக்குத் தெரிந்த ஒரு தந்தை, மகனின் தொல்லை தாங்காமல் ஒரு தொழில்நுட்பவியலாளரை அழைத்தார். அவர் வந்து ரவுட்டரில் ஏதேதோ செய்து, போர்ட் திறந்தாயிற்று என்று காசு வாங்கிச் சென்றார். திறக்கவில்லை. இரண்டாவது தடவை வந்தவர், ரவுட்டர் மட்டமானது என்று புதியதொன்றை விற்றுவிட்டுப் போனார். அதிலும் திறக்கவில்லை. இணைப்பு 4ஜி. பெரிய வாசல் மூடிக் கிடக்கின்றது. அதைப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். வந்த இருவரில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் சொல்லவில்லை.

அந்த மகனுக்கு உண்மையில் போர்ட் திறக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. விளையாட்டு இழுபடுகின்றது, சுட்டால் தாமதித்துச் சுடுகின்றது என்பதே அவனது முறைப்பாடு. பப்ஜி, ஃப்ரீ ஃபயர் போன்ற விளையாட்டுகள் கம்பனிகளின் சொந்த சேர்வர்களில் நடப்பவை. உள்ளிருந்து வெளியே போகும் பாதை இருந்தால் போதும். போர்ட்டைத் திறப்பதால் அவற்றின் தாமதம் குறையாது. சிங்கப்பூர் இங்கிருந்து ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர்தான் ஓடும். போய் வர 27 மில்லி செக்கன் கட்டாயம் செலவாகும், கேபிள் வளைந்து செல்வதால் நடைமுறையில் இன்னும் கூடும். அதை எந்த ரவுட்டரும் குறைத்துத் தரப்போவதில்லை.

குறைக்கக்கூடியது வீட்டுக்குள்ளேயே இருக்கின்றது. தொடர்மாடியில் கைத்தொலைபேசியைத் திறந்து பார்த்தால் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் இருபது முப்பது வரிசையாக வரும். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே மூன்று, அதாவது 1, 6, 11. அந்த மூன்றில் முழு மாடியும் நெருக்கியடித்துக்கொண்டு கத்துகின்றது. ரவுட்டரிலிருந்து கணனிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிட்டால், அல்லது 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றினால், பாதித் தொல்லை தீரும். கேபிளின் விலை ரவுட்டரின் விலையில் ஒரு சிறு பங்குதான். (பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போகிறவர்கள் வீட்டில் தூரத்தை அளந்துகொண்டு போவது நல்லது. குறைந்தால் இன்னொரு பயணம்.)

போர்ட் போர்வர்டிங் உண்மையாகவே தேவைப்படுபவர்கள் வேறு. தமது கணனியிலேயே சேர்வர் நடத்தி நண்பர்களைச் சேர்த்து விளையாடுபவர்கள், அதற்குச் சிறு சந்தா வாங்கும் இளைஞர்கள், எக்ஸ்பொக்ஸ் முதலிய கருவிகளில் நேருக்கு நேர் இணைய முடியாமல் தடைப்படுபவர்கள் ஆகியோரே அவர்கள். இவர்களில் சிலருக்கு இது முதல் தொழில். வெளிநாட்டில் சேர்வர் வாடகைக்கு எடுத்தால் டொலரில் கட்ட வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியபோது, அதே வாடகை ஏறத்தாழ இரண்டு மடங்காகியது. வீட்டிலிருந்து நடத்தினால் அந்தச் செலவு இல்லை. அதே ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் துண்டிக்கப்பட்டதையும் மறந்துவிட முடியாது. ஆயினும் உள்ளூர்ப் பிள்ளைகள் உள்ளூரிலேயே சேர்ந்து விளையாட, உள்ளூர் சேர்வர்தான் வேகம். பொது முகவரி இல்லாத பெக்கேஜை அறியாமல் வாங்கி, ஒப்பந்தக் காலம் முழுவதும் கட்டிக்கொண்டிருப்பது இப்படியான ஒரு இளைஞனுக்கு முதலீட்டு நட்டம்.

இனிக் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய விடயம். கடைக் கமராவை வீட்டிலிருந்து பார்ப்பதற்காக, கமராப் பதிவுப் பெட்டிக்குப் போர்ட் திறந்து வைப்பது நமது வர்த்தகர்களிடையே பரவலான பழக்கம். பெட்டி வந்தபோது இருந்த கடவுச்சொல்லை மாற்றாமலே திறந்து வைப்பவர்களும் உண்டு. 2016இல் மிராய் என்றொரு நச்சு மென்பொருள் இத்தகைய கமராக்களையும் ரவுட்டர்களையும் தேடிப் பிடித்தது. அதனிடம் இருந்தது அறுபது சொச்சம் தொழிற்சாலைக் கடவுச்சொற்களின் பட்டியல் மட்டுமே. அதைக் கொண்டே இலட்சக்கணக்கான கருவிகளைக் கைப்பற்றியது. அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் அமெரிக்காவில் மணிக்கணக்கில் முடங்கியதற்கும் அதே மென்பொருளே காரணம். அதை எழுதிய மூன்று அமெரிக்க இளைஞர்கள் 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். அவர்களின் ஆரம்ப நோக்கம் என்ன தெரியுமா? மைன்கிராஃப்ட் சேர்வர் வியாபாரத்தில் போட்டியாளர்களை முடக்கிப் பணம் பார்ப்பது! ஒரு சிறுபிள்ளை விளையாட்டின் வியாபாரச் சண்டையில், யாரோ ஒரு கடைக்காரரின் கமரா ஆயுதமாகியது.

எனவே பெரிய வாசல் மூடியிருப்பது சிலருக்குப் பாதுகாப்பாகவும் அமைகின்றது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கம்பனிகள் இதைத் தமக்குச் சாதகமான வாதமாக முன்வைக்கக்கூடும். பாதுகாப்பு என்றால் அதையும் பெக்கேஜில் எழுதிக் காட்டட்டுமே.

அமெரிக்காவில் 2024 ஏப்ரல் 10 முதல், பெரிய இணையக் கம்பனிகள் உணவுப் பொதியில் உள்ளதைப் போன்ற ஒரு விபரப் பட்டியலை ஒவ்வொரு இணைப்போடும் காட்ட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. விலை, வேகம், தாமதம், டேட்டா அளவு யாவும் அதில் அடக்கம். முகவரி பற்றிய வரி அதிலும் இல்லை. நமது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இந்த ஒரு விடயத்திலாவது முந்திக்கொள்ளலாம். கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமல்ல. "பொது முகவரி: உண்டு / இல்லை / மேலதிகக் கட்டணம் இவ்வளவு" என்று மும்மொழியிலும் ஒரு வரி. வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தும் வியாபாரத்தைத் தடுக்க 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் நம்மிடம் இருக்கின்றது.

ஆணைக்குழு அசையும் வரை நாம் செய்யக்கூடியது இதுதான். ரவுட்டரின் பக்கத்துக்குள் போய் 'வான்' என்ற இடத்தில் காட்டும் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் கூகிளில் உங்கள் ஐ.பி. முகவரி என்னவென்று தேடிப் பாருங்கள். இரண்டும் ஒன்றானால் போர்ட் திறக்கலாம், தொழில்நுட்பவியலாளரை அழைப்பதில் அர்த்தமுண்டு. வேறுபட்டால், அல்லது ரவுட்டரில் இருப்பது 10 என்றோ 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கினால், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். நேராகக் கம்பனியை அழைத்துப் பொது முகவரிக்கு என்ன கட்டணம் என்று கேளுங்கள். கட்டுபடியாகாவிட்டால் டெய்ல்ஸ்கேல், சீரோடியர் போன்ற மென்பொருட்கள் போர்ட் திறக்காமலே நண்பர்களின் கணனிகளை இணைத்துவிடும். 2000களின் பிற்பகுதியில் ஹமாச்சி செய்த அதே வேலை. கடைக் கமராவையும் அவ்வழியில் பார்க்கலாம்.

போர்ட் திறந்துதான் ஆக வேண்டுமென்றால் அந்த ஒரு கணனிக்கு மாறாத உள்முகவரி கொடுத்து, தேவையான ஓர் இலக்கத்தை மட்டும் திறக்க வேண்டும். 'டி.எம்.இசட்.' என்ற பகுதியில் கணனியைப் போட்டு எல்லா இலக்கங்களையும் ஒரேயடியாகத் திறந்துவிடும் சோம்பேறி வேலையை எந்தத் தொழில்நுட்பவியலாளரையும் செய்ய விடாதீர்கள். அவர் போகுமுன் ரவுட்டரின் கடவுச்சொல்லை அவர் முன்னிலையிலேயே மாற்றிக்கொள்ளுங்கள்.