புதுக்கடையும் ஒரு ஸ்டூலும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கினவர்கள் இங்கேயும் தூங்கிக்கொள்ளலாம், இனிமேல் நான் காதைத் திருக முடியாது.

நம்ம திருநெல்வேலியில் சமீபத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடை திறந்தார்கள். எந்தக் கடை என்று கமெண்டில் கேட்காதீர்கள். சொன்னால் ஒரு பிள்ளையின் வேலைக்கு ஆபத்து. திறப்பு விழா அழைப்பை நம் குடும்பக் குழுவில் மட்டும் மூன்று பேர் அனுப்பியிருந்தார்கள். செண்டை மேளம், நடிகை வருகை, முதலில் வருகிறவர்களுக்கு இலவசக் குடம் என்று ஒரே அமர்க்களம். கூட்டம் ஓயட்டும் என்று பத்து நாள் கழித்து, மருமகளின் வளைகாப்புக்குச் சேலை எடுக்கப் போனேன்.

இரண்டாவது மாடியில் பட்டுப் பிரிவு. "டீச்சர், நல்லாருக்கியளா?" என்று ஒரு குரல். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லுவாள். இப்போது அவளுக்கே இரண்டு பிள்ளைகள். எனக்கு மெத்தை வைத்த ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு, சேலைகளை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினாள். முப்பது நாற்பது சேலையாவது இருக்கும். நடுநடுவே ஒரு காலைத் தூக்கி மறு காலில் பாரத்தை மாற்றிக்கொண்டே இருந்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது.

"ஏட்டி, நீயும் ஒரு நிமிஷம் உட்காரேன்" என்றேன்.

"ஐயோ, வேண்டாம் டீச்சர். மேல கேமரா இருக்கு."

காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி கடை அடைக்கும் வரை நிற்க வேண்டுமாம். மத்தியானம் சாப்பிட அரை மணி நேரம் உண்டு, அப்போதுதான் உட்காருவார்களாம். சுற்றிப் பார்த்தேன். அந்த மாடியில் எத்தனையோ ஸ்டூல்கள் இருந்தன. எல்லாம் நாங்கள் உட்கார. விற்கிறவர்கள் பக்கம் ஒன்றுகூட இல்லை.

நானும் நின்று வேலை பார்த்தவள்தான். ஆய்வுக்கு வருகிறவர் ஆசிரியரை நாற்காலியில் பார்த்தால் முகம் சுளித்த காலம் அது. ஆனாலும் நாற்காலி என்று ஒன்று இருந்தது. பிள்ளைகள் எழுதும்போது உட்கார்ந்துகொள்வோம். மாதத்தில் முடியாத நாட்களில் உட்கார்ந்தே பாடம் நடத்தியிருக்கிறேன். அப்படியும் ஓய்வு பெற்ற பிறகு காலில் நரம்பு சுருண்டுகொண்டு நான் படுகிற பாடு வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். இந்தப் பிள்ளைக்கு இன்னும் நாற்பது வயதுகூட ஆகவில்லை.

இதே பிள்ளை முன்னால் ஜங்ஷனில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் இருந்தாள். வளையல், பொட்டு, ரிப்பன், கிளிப். பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள்தான் அந்தக் கடைக்கு வாடிக்கை. 2018-ல் ஜங்ஷன் பேருந்து நிலையத்தைப் புதிதாகக் கட்டுவதற்காக இடித்தார்கள். ஐந்து வருஷத்துக்கும் மேல் அது திறக்கவில்லை. பஸ் நிற்காத இடத்தில் வளையல் யார் வாங்குவார்கள்? அதைச் சுற்றி டீக்கடை, பழக்கடை, பேப்பர்க்கடை என்று பிழைத்தவர்கள் பட்ட பாட்டை ஊரே பார்த்தது. போதாக்குறைக்கு நடுவில் கொரோனா வேறு. ஃபேன்சி ஸ்டோர்க்காரர் ஷட்டரை இறக்கிவிட்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குச் செண்டை மேளம் இல்லை, யாரும் வாட்ஸப்பில் அனுப்பவும் இல்லை. ஷட்டரில் 'கடை வாடகைக்கு' என்று ஒரு காகிதம், அவ்வளவுதான்.

அந்தச் சின்னக் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் அவள் ஒரு மூக்காலியில் உட்கார்ந்து முத்து கோர்த்துக்கொண்டிருப்பாள். நானே பார்த்திருக்கிறேன். இப்போது சம்பளம் கூட. பி.எஃப். பிடிக்கிறார்கள், தீபாவளிக்குப் போனஸ் உண்டு, குளுகுளுவென்று ஏ.சி. இதையெல்லாம் அவளேதான் சொன்னாள். மூக்காலி ஒன்றுதான் இல்லை.

பழசெல்லாம் பொன் என்று பேச நான் வரவில்லை. அண்ணாச்சி கடையில் பற்று நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி கொடுத்தார்கள், உண்மை. அதே கடையில், பாக்கி வைத்த வீட்டுப் பிள்ளையை நாலு பேர் முன்னால் "ஒங்க அப்பாவ வரச் சொல்லு" என்று விரட்டியதும் உண்மை. அந்தப் பிள்ளை மறுநாள் வகுப்பில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு மெட்ராஸ் மளிகைக்கடைக்கு வேலைக்குப் போன பையன்கள் மூட்டைமேல் படுத்துத் தூங்கியதையும் கேட்டிருக்கிறேன். பெரிய கடையில் விலை அட்டையில் இருக்கிறது. கிழிந்த செருப்போடு வருகிறவரும் உள்ளே போய்த் துணியைத் தொட்டுப் பார்க்கலாம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஊரும் பெரிதாகிவிட்டது. நெல்லை, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் மூன்றையும் சேர்த்து 1994-ல் மாநகராட்சி ஆக்கினார்கள். 2011 கணக்கெடுப்பிலேயே நாலே முக்கால் லட்சம் பேர். டவுன் ரத வீதிகள் தேர் போக அமைந்தவை, கார் நிறுத்த அல்ல. வண்டி நிறுத்த இடம் தேடும் பெரிய கடைகள் பைபாஸ் பக்கம் போகத்தான் செய்யும். போகட்டும். ஆனால் கடை திறந்தால் "எத்தனை மாடி, எத்தனை எஸ்கலேட்டர்" என்று கேட்கிற நாம், அங்கே வேலை செய்கிறவர்கள் எங்கே உட்காருவார்கள் என்று ஏன் கேட்பதே இல்லை? என் ஆதங்கம் இதுதான்.

இது நான் கேட்கிற தர்மம் அல்ல, சட்டம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே வந்தது. அதில் 2021-ல் ஒரு திருத்தம் செய்து 22-ஏ என்று புதிய பிரிவு சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள, பணியாளர்கள் எல்லாருக்கும் தகுந்த இருக்கை வேண்டும் என்று அது சொல்கிறது. கேரளாவில் நமக்கு முன்பே, 2018-ல், இதைச் செய்துவிட்டார்கள். அங்கே அது சும்மா வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல்காரப் பெண்மணி கடைப் பெண்களைத் திரட்டிப் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். முதலில் கழிப்பறைக்காகப் போராடினார்கள், பிறகு உட்காருவதற்காக. தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்று குடிக்காமல் இருந்த பெண்கள் அவர்கள்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-ல் அரசாணை வந்தபோது எல்லாரும் அந்த ஒரு வரியைத்தான் பேசினோம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை, வாரத்தில் ஒரு நாள் விடுப்பு என்று அதே ஆணையில் இருந்ததை எத்தனை பேர் படித்தோம்? வினாத்தாளில் முதல் கேள்வியை மட்டும் படித்துவிட்டு எழுத ஆரம்பிக்கிற பிள்ளைகள் மாதிரிதான் நாமும்.

இதை என் சித்தப்பா மகனிடம் சொன்னேன். அவனும் கடை வைத்திருப்பவன். "அக்கா, வேலைக்காரப் பொண்ணு உட்கார்ந்திருந்தா வர்ற கஸ்டமர் என்ன நெனப்பான்? சோம்பேறிக் கடைன்னுல்லா நெனப்பான்" என்றான். வங்கியில் உட்கார்ந்துதானே பணம் எண்ணித் தருகிறார்கள், அதைச் சோம்பேறி வங்கி என்றா சொல்கிறாய் என்று கேட்டேன். பதில் இல்லை. ஆனால் அவன் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. நாம் உள்ளே நுழைந்ததும் அவர்கள் துள்ளி எழ வேண்டும் என்று எதிர்பார்க்கிறோமே, முதலாளி அதைப் பார்த்துத்தான் ஸ்டூலை எடுத்துவிடுகிறார்.

அந்தக் கடைக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். விற்பனை குறைந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறவள் என் மாணவிதான். போங்கள், வாங்குங்கள். பில் போடும்போது, எந்தப் பெண்ணின் பெயரையும் சொல்லாமல், "உங்க ஸ்டாஃப் உட்கார இடம் வச்சிருக்கியளா?" என்று மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்டேன். "மேலிடத்துல சொல்லுதேம்மா" என்றார். சொன்னாரா என்று தெரியாது. அடுத்த மாதம் பிளவுஸ் துணி வாங்கப் போக வேண்டியிருக்கிறது, மறுபடியும் கேட்பேன்.

உங்களில் கடை வைத்திருப்பவர்கள் பதினைந்து பேராவது இருப்பீர்கள். அதில் ஒருவன் ஆவணியில் பெருமாள்புரம் பக்கம் சூப்பர் மார்க்கெட் திறக்கிறான். "டீச்சர், நீங்கதான் குத்துவிளக்கு ஏத்தணும்" என்று பழத்தட்டோடு வீட்டுக்கு வந்தான். சந்தோஷம், ஆனால் எனக்கு ஒரு நிபந்தனை உண்டு என்று சொல்லி, மேலே எழுதியதையெல்லாம் அவனுக்குப் பாடமாகவே நடத்தினேன். பழைய மாதிரியே தலையைத் தலையை ஆட்டினான்.

நேற்று ராத்திரி ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறான். பில்லிங் கவுண்டருக்குப் பின்னால் பளபளவென்று ஒரு புது ஸ்டூல். கீழே "ஓகேவா டீச்சர்?"

கடையில் எத்தனை பிள்ளைகளை வேலைக்கு எடுத்திருக்கிறாய் என்று கேட்டேன். ஆறு பேராம். இன்னும் ஐந்து ஸ்டூலின் போட்டோ வரட்டும், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு விளக்கேற்ற வருகிறேன் என்று பதில் போட்டிருக்கிறேன்.