முப்பது யூரோவும் ஒரு லைசென்ஸும் போதுமா?

ஜெர்மனியின் மேற்கே, ஐஃபல் என்ற மலைப்பகுதியில் நூர்புர்க்ரிங் என்று ஒரு கார் பந்தயப் பாதை இருக்கிறது. 1927-இல் திறக்கப்பட்டது. அதன் வடக்கு வளையமான நோர்ட்ஷ்லைஃபே மட்டும் 20.8 கிலோமீட்டர் நீளம். 73 வளைவுகள். பள்ளத்துக்கும் மேட்டுக்கும் ஏறக்குறைய 300 மீட்டர் உயர வித்தியாசம். கார் பைத்தியம் பிடித்தவர்களுக்குக் காசி, ராமேஸ்வரம் எல்லாம் அதுதான். பந்தயமோ கார் கம்பெனிகளின் சோதனை ஓட்டமோ இல்லாத நேரங்களில், வாசலில் பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரில் உள்ளே போகலாம். ஒரு சுற்றுக்குச் சுமார் 30 யூரோ. நம் பணத்தில் ஏறக்குறைய மூவாயிரம் ரூபாய். செல்லுபடியாகும் லைசென்ஸும் சாலையில் ஓடத் தகுதியான வண்டியும் இருந்தால் போதும். இதற்கு முன் இந்தப் பாதையைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா என்றுகூட ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

இப்படிக் கேட்காமல் விடுவது பெரிய தவறு என்பது என் கட்சி. பாதையை மூடு என்று நான் சொல்லவில்லை. முதல் தடவை வருகிறவரைத் தனியாக உள்ளே அனுப்பாதே என்கிறேன். அவ்வளவுதான்.

ஜெர்மனியில் இருக்கும் பாதையைப் பற்றித் தமிழில் எழுதி என்ன ஆகப்போகிறது என்று சிலர் நினைக்கலாம். இன்றைக்கு நம் தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு பிள்ளை ஸ்டுட்கார்ட்டிலோ மியூனிக்கிலோ வேலை பார்க்கிறான். அவர்களில் கார் பிரியர்கள் நிறைய. வாரக் கடைசியில் நண்பர்களோடு போய் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, அந்தப் பாதையின் வளைந்த வடிவத்தை ஸ்டிக்கராகப் பின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். பெற்றோர்கள் அந்தப் போட்டோவை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பி, "பாருங்கள் சார், பையன் ரேஸ் ஓட்டியிருக்கான்" என்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், அவன் ரேஸ் ஓட்டவில்லை. பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நேரத்தில் நோர்ட்ஷ்லைஃபே சட்டப்படி ஒரு சாலை. சுங்கம் கட்டிப் போகும் ஒருவழிச் சாலை. ஜெர்மனியின் போக்குவரத்து விதிகள் அப்படியே பொருந்தும். வலது பக்கம் ஒதுங்கித்தான் ஓட்ட வேண்டும். இடது பக்கமாக மட்டுமே முந்தலாம். போட்டி போடக் கூடாது. ஒரு சுற்றுக்கு எத்தனை நிமிடம் என்று நேரம் பார்ப்பதற்குக்கூடத் தடை. சில இடங்களில் வேகக் கட்டுப்பாடு உண்டு. மற்ற இடங்களில் பொதுவான வேக வரம்பு இல்லை.

என் சண்டையே இங்கேதான். வாசலுக்கு வெளியே விற்பது ரேஸ் கனவு: ஸ்டிக்கர், டீ ஷர்ட், எந்தக் கார் எத்தனை நிமிடத்தில் சுற்றியது என்ற பட்டியல். வாசலுக்கு உள்ளே, நீ வெறும் சாலையில் போகும் ஓட்டுநர், எது நடந்தாலும் உன் பொறுப்பு. காசு வாங்கும்போது அது ரேஸ் டிராக், கணக்குத் தீர்க்கும்போது அது ரோடு. இந்த இரட்டை வேடத்தை எப்படி ஒத்துக்கொள்வது?

மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக முப்பது வருடம் நசுங்கிய வண்டிகளுக்கு நடுவே காலம் தள்ளியவன் நான். ஒரு விபத்து நடந்தால் எந்தத் தாளைப் புரட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். அங்கே இரும்புத் தடுப்பில் மோதினால், தடுப்பைச் சரிசெய்யும் செலவு ஓட்டியவர் தலையில். வண்டியை இழுத்துவரும் செலவும் அவருக்கே. அதுவரை பாதையை மூடி வைத்தால் அதற்கும் பில் வரலாம். பெரும்பாலான வாடகைக் கார் ஒப்பந்தங்களில் இந்தப் பாதையில் ஓட்டக் கூடாது என்ற நிபந்தனை உண்டு. சொந்தக் காரின் முழுக் காப்பீட்டிலும் பந்தயப் பாதையில் நேர்ந்த சேதத்துக்குப் பணம் கிடையாது என்ற பொடி எழுத்துப் பல பாலிசிகளில் இருக்கிறது. பாதைக்குப் பக்கத்திலேயே இதற்கென்று வாடகைக்கு விடும் வண்டிகள் கிடைக்கின்றன. ஆனால் அங்கேயும் சேதத்தில் முதல் சில ஆயிரம் யூரோக்கள் ஓட்டுகிறவர் கையிலிருந்துதான் போகும். கையெழுத்துப் போடும் பையன்களில் எத்தனை பேர் அந்தத் தாளை முழுக்கப் படிக்கிறார்கள்?

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். பாதைக்கு வருவோம்.

சோழவரத்தில் பழைய விமான ஓடுபாதையில் நடந்த ரேஸைப் பார்த்தவர்கள் இதைப் படிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். அது தட்டையான வெட்டவெளி. எதிரே என்ன இருக்கிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியும். நோர்ட்ஷ்லைஃபே அதற்கு நேர் எதிர். காட்டுக்குள் ஏறி இறங்கும் குறுகிய பாதை. மேட்டின் உச்சியைத் தாண்டும்வரை அடுத்த வளைவு இடமா வலமா என்று தெரியாது. பல இடங்களில் பாதையை ஒட்டிக் கொஞ்சம் புல், அதற்கு அப்பால் உடனே இரும்புத் தடுப்பு. நவீன பந்தயப் பாதைகளில் இருப்பது போல வண்டி விலகினால் ஓடி நிற்க அகன்ற இடம் கிடையாது. ஒரு பக்கம் வெயில் அடிக்கும்போது இன்னொரு பக்கம் மழை பெய்திருக்கும்.

ஆடனவர் ஃபோர்ஸ்ட் என்று ஓரிடம். வேகமாக வந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு திருப்பத்தைத் தாண்டியதும், சட்டென்று மெதுவாகப் போக வேண்டிய இடம்-வலம் வளைவு வரும். பாதை தெரிந்தவர் முன்பே பிரேக் போட்டிருப்பார். தெரியாதவர் நேராகப் புல்லுக்குள் போவார். இதைப் பார்க்கவே அங்கே கூட்டம் கூடும். புரூன்ஷென் என்ற இன்னொரு இடத்தில், மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது மாப்பிள்ளையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். மடக்கு நாற்காலி, சாப்பாட்டுக் கூடை, கேமரா என்று குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒழுங்காக வளைத்துப் போன காரை யாரும் கவனிக்கவில்லை. டயர் கிறீச்சிட்டு வண்டி ஆடினால் எல்லோரும் எழுந்து நின்றார்கள். உள்ளே பந்தயக் கார் போன்ற போர்ஷேயும் போனது, பின் சீட்டில் ஆள் உட்கார்ந்த குடும்பக் காரும் போனது. இரண்டுக்கும் வேக வித்தியாசம் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முன்னால் போகும் ஒருவரின் இன்ஜின் ஆயிலோ ரேடியேட்டர் தண்ணீரோ பாதையில் கொட்டினால், பின்னால் வருகிறவர்கள் ஒவ்வொருவராக வழுக்கிப் போய் மோத வேண்டியதுதான். அப்படி நடந்திருக்கிறது, உயிர்களும் போயிருக்கின்றன.

வண்டியின் நிலைமையும் உண்டு. ஆபீஸுக்குப் போகும் காரை அந்த இறக்கங்களில் விரட்டி விரட்டி பிரேக் போட்டால், பிரேக் ஆயில் கொதித்துப் பெடல் மெத்தென்று உள்ளே போகும். வண்டி நிற்காது. இது எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார். வாசலில் யாரும் சொல்வதில்லை.

சரி, திறமைசாலிகளுக்கு என்ன விதி? 1976-இல் அப்போதைய உலக சாம்பியன் நிக்கி லவுடா, இந்தப் பாதை ஆபத்தானது, பந்தயத்தைப் புறக்கணிப்போம் என்று சக ஓட்டுநர்களிடம் சொன்னார். ஓட்டெடுப்பில் தோற்றார். அந்தப் பந்தயத்திலேயே அவருடைய கார் தீப்பிடித்து, சக ஓட்டுநர்கள் நெருப்புக்குள் இறங்கி அவரை வெளியே இழுத்தார்கள். அதன்பின் ஃபார்முலா ஒன் நோர்ட்ஷ்லைஃபேக்குத் திரும்பவே இல்லை. 1984-இல் பக்கத்திலேயே சிறிய புதுப் பாதை போட்டார்கள்.

இன்றைக்கும் நோர்ட்ஷ்லைஃபேயில் பந்தயங்கள் நடக்கின்றன. அவற்றில் கலந்துகொள்ள வழக்கமான ரேஸிங் லைசென்ஸ் மட்டும் போதாது. ஜெர்மன் மோட்டார் பந்தய சம்மேளனம் இந்தப் பாதைக்கென்றே தனி அனுமதி வைத்திருக்கிறது. பாடம் படிக்க வேண்டும், பாதையில் ஓட்டிக் காட்ட வேண்டும், வேகம் குறைந்த காரில் அனுபவம் சேர்த்த பிறகுதான் வேகமான காருக்குப் போக முடியும். நான்கு முறை உலக சாம்பியனான மாக்ஸ் வெர்ஸ்டாப்பனையும் அவர்கள் விடவில்லை. 2025 செப்டம்பரில் அவர் வகுப்பில் உட்கார்ந்து, சக்தி குறைக்கப்பட்ட போர்ஷே கேமனில் ஓட்டி, அனுமதி வாங்கினார். அதே மாதக் கடைசியில் ஃபெராரியில் பந்தயம் ஓட்டி ஜெயித்தார். சிமுலேட்டரில் இந்தப் பாதையை மனப்பாடமாக அறிந்தவர் அவர். ஆனாலும் விதி விதிதான்.

நம் பையனையும் இங்கே நிறுத்திப் பாருங்கள். கிரான் டூரிஸ்மோ வீடியோ கேமில் சோபாவில் உட்கார்ந்து ஓட்டியதுதான் அவனுக்குத் தெரிந்த நோர்ட்ஷ்லைஃபே. கேமில் மோதினால் ஒரு பட்டனை அழுத்தி மறுபடி தொடங்கலாம். உலக சாம்பியனுக்கு வகுப்பு. இவனுக்கு ரசீது மட்டும். இதில் நியாயம் எங்கே இருக்கிறது?

இதற்கு அவர்கள் சொல்லும் பதில்கள் எனக்குத் தெரியும்.

"வளர்ந்த ஆள், அவன் இஷ்டம்" என்பார்கள். தனியாக மலை ஏறுகிறவனுக்கு அது பொருந்தலாம். அந்தப் பாதையில் அவனுக்கு முன்னாலும் பின்னாலும் வேறு மனிதர்கள் ஓட்டுகிறார்கள். பக்கத்து சீட்டில் மனைவியோ நண்பனோ இருக்கிறார். அவன் இஷ்டம் அவர்களையும் சேர்த்துத்தான் தடுப்பில் மோதும்.

"இங்கே விடாவிட்டால் ஊர் சாலையில் வேகமாக ஓட்டுவான்" என்பார்கள். அதாவது, கற்றுக்கொடுக்காமல் ஓட்டவிட்டால் அவன் திருந்துவான் என்கிறார்கள். சொல்லித்தராமல் கிடைக்கும் வேகம் துணிச்சலைத்தான் வளர்க்கும், கைப்பழக்கத்தை அல்ல.

"1927-இலிருந்து இப்படித்தான்" என்பார்கள். 1927-இல் குடும்பக் கார்கள் எத்தனை வேகம் போயின? இன்றைக்கு மாதத் தவணையில் வாங்கும் சாதாரணக் கார் 200 கிலோமீட்டர் வேகம் தொடுகிறது. வண்டி மாறிவிட்டது, வாசல் மட்டும் மாறவில்லை.

"அந்த ஊர் பிழைப்பே அதில்தான்" என்பது நாலாவது. இதை நான் மதிக்கிறேன். வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்கவே அந்த மலையில் இந்தப் பாதையை வெட்டினார்கள். ஓட்டல், வொர்க்‌ஷாப், வாடகைக் கார் என்று பல குடும்பங்கள் அதை நம்பியிருக்கின்றன. ஆனால் பயிற்சி கட்டாயமானால் அவர்கள் பிழைப்பு எப்படிக் கெடும்? சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளம் உண்டு, வருகிறவன் ஒரு இரவு கூடுதலாகத் தங்குவான்.

ஆள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். நோர்ட்ஷ்லைஃபேயைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரே வளைவைத் திரும்பத் திரும்ப ஓட்டவைத்துச் சொல்லித்தரும் பயிற்சிகள் அங்கே பல வருடங்களாக நடக்கின்றன. 2021-இல் மறைந்த சபீன ஷ்மிட்ஸ் என்ற பெண்மணி, பாதைக்குப் பக்கத்திலேயே வளர்ந்து, விருந்தினர்களைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து டாக்ஸியாக ஆயிரக்கணக்கான சுற்றுகள் ஓட்டியவர். அப்படி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு சுற்று போனாலே, நமக்கு என்ன தெரியாது என்பது தெரிந்துவிடும். வேண்டியது அறிவல்ல, கட்டாயம்தான்.

ஆகவே நான் கேட்பது மூன்று. முதல் தடவை வருகிறவருக்கு அரை நாள் பயிற்சி. அதை முடித்தவருக்கு ஒரு அட்டை. அட்டை இல்லாதவருக்கு வாசல் திறக்காது. ஒரே நேரத்தில் உள்ளே இருக்கும் வண்டிகளின் எண்ணிக்கைக்கு ஓர் அளவு. மோதினால் யார் எதற்குப் பணம் கட்ட வேண்டும் என்பதைப் பணம் வாங்கும் இடத்திலேயே பெரிய எழுத்தில், பல மொழிகளில் எழுதி வைப்பது. இதில் எதுவும் யாருடைய சந்தோஷத்தையும் கெடுக்காது.

அவர்கள் நான் சொல்லிக் கேட்கப்போவதில்லை. நீங்கள் கேட்பீர்கள். பிள்ளை போனில், "அப்பா, இந்த வாரம் நூர்புர்க்ரிங் போறோம்" என்று சொன்னால், போகாதே என்று கத்தாதீர்கள்; போகத்தான் செய்வான், உங்களிடம் சொல்லாமல் போவான். யார் வண்டி, அதன் காப்பீடு அங்கே செல்லுமா, முதல் சுற்றில் பாதை தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்று மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். மூன்றுக்கும் அவனிடம் சரியான பதில் இருந்தால் போய்வரட்டும். இல்லையென்றால் இந்த வாரம் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டு அடுத்த முறை உள்ளே போகலாம்.