ஓட்டைக் குழாயும் கம்பெனிக் கணக்கும்

பஞ்சாலைத் தோழர்களுக்குக் கழிவுப் பஞ்சின் கணக்குத் தெரியும். எந்த இலாகாவில் எவ்வளவு கழிவு விழுந்தது என்று நிறுத்துப் பார்க்கிறார்கள். அளவு கொஞ்சம் கூடிவிட்டால் மேஸ்திரி முதல் மானேஜர் வரை கூச்சல் போடுகிறார்கள். வேலை முடிந்து வெளியே போகும்போது கேட்டில் மடியைத் தடவிப் பார்க்கிறார்கள். முதலாளியின் சொத்தில் ஒரு அவுன்ஸ்கூட வீணாகக் கூடாதாம்!

இதே முதலாளி உலகத்தில், விலை போகும் சரக்கை ஆண்டுக்குச் சுமார் 8 கோடி டன் காற்றில் விட்டுவிட்டு, நிம்மதியாகத் தூங்குகிற ஒரு தொழிலும் இருக்கிறது. எண்ணெய் - எரிவாயுத் தொழில்தான் அது. 8 கோடி டன் என்பது நமது கணக்கல்ல. பணக்கார நாடுகளின் சர்க்கார்கள் கூடி அமைத்த சர்வதேச எரிசக்தி ஏஜென்ஸியின் மதிப்பீடு. காற்றில் போகும் அந்தச் சரக்கின் பெயர் மீத்தேன்.

தஞ்சை, திருவாரூர் விவசாயத் தொழிலாளர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. மன்னார்குடிப் பக்கம் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்க 2010ல் போடப்பட்ட ஒப்பந்தத்தை எதிர்த்துக் கிராமம் கிராமமாக நின்றவர்கள் அவர்கள். இங்கே பேசுவது வேறு விஷயம். ஏற்கெனவே தோண்டி, குழாய் போட்டு, ஓடிக்கொண்டிருக்கும் கிணறுகளிலிருந்து கேட்பாரற்றுக் கசிந்து போகும் மீத்தேனைப் பற்றியது.

பூமியிலிருந்து வரும் எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன்தான். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஊர்களுக்குக் குழாயில் அனுப்பும்போது நாற்றமுள்ள ஒரு சரக்கைக் கலந்துதான் அனுப்புகிறார்கள். அந்த ஏற்பாடு கட்டாயமானதற்கு ஒரு கொடிய காரணம் உண்டு. 1937 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்தில், நியூ லண்டன் என்ற எண்ணெய் வயல் ஊரில், பள்ளிக்கூடத்தின் அடியில் கசிந்து தேங்கிய எரிவாயு வெடித்தது. 300 பேருக்குச் சற்றுக் குறைவாக மாண்டனர், பெரும்பாலும் குழந்தைகள். அதன் பிறகுதான் வாயுவுக்கு மணம் சேர்க்கச் சட்டம் வந்தது.

வெடிக்காமல் வானத்துக்குப் போய்விட்டால் ஆபத்து நீங்கிவிடுமா? இல்லை. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு டன் மீத்தேன் ஒரு டன் கரியமில வாயுவைப்போல 80 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்குகிறது. ஆனால் கரியமில வாயுவைப்போல நூற்றாண்டுகள் தங்குவதில்லை. சுமார் 12 ஆண்டுகளில் சிதைந்துவிடுகிறது. ஆகவே இன்று கசிவை அடைத்தால் அதன் பலன் நம் ஆயுளிலேயே தெரியும். வெயிலில் நாற்று நடுகிறவர்களுக்கும், புழுங்கும் ஆலைக்குள் நிற்கிறவர்களுக்கும் இது தூரத்து விவகாரமல்ல.

எங்கே ஒழுகுகிறது?

மில் பிட்டருக்கு இதை விளக்கவே வேண்டாம். கம்ப்ரெஸரின் பிஸ்டன் தண்டைச் சுற்றியுள்ள பாக்கிங் தேய்ந்தால் வாயு ஒழுகும். குழாய் இணைப்பில் கேஸ்கட் கெட்டால் ஒழுகும். இவை தேய்மானத்தால் வருவது. வடிவமைப்பிலேயே ஒழுகும் கருவிகளும் உண்டு! வயல்களில் வால்வைத் திறக்கவும் மூடவும், கிணற்று வாயுவின் அழுத்தத்தையே பயன்படுத்தும் கருவிகளை மாட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு அசைவிலும் அது கொஞ்சம் வாயுவைக் காற்றில் துப்பும். அழுத்தக் காற்றாலோ மின்சாரத்தாலோ இயங்கும் கருவியை மாட்டினால் அந்தத் துப்பல் நின்றுவிடும். இதில் ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றுமில்லை. பாக்கிங்கைக் காலத்தில் மாற்றுவது, கண்ணுக்குத் தெரியாத வாயுவைக் காட்டும் அகச்சிவப்புக் காமிராவோடு சுற்றி வருவது, ஓட்டையைக் கண்டால் ஸ்பானரை எடுப்பது - இவ்வளவுதான்.

எண்ணெய்த் தொட்டிகளின் கதை தனி. தொட்டியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று பார்க்கத் தொழிலாளி மேலே ஏறி மூடியைத் திறக்கிறான். உள்ளே அடைந்திருந்த வாயுவும் ஆவியும் முகத்தில் அடிக்கின்றன. அமெரிக்காவில் 2010க்கும் 2014க்கும் இடையில் குறைந்தது 9 தொழிலாளர்கள் இப்படித் தொட்டி மேலேயே மடிந்தார்கள் என்று அந்நாட்டு சர்க்கார் இலாகாக்களே 2016ல் எச்சரிக்கை விட்டன. தொட்டியைத் திறக்காமலே வெளியிலிருந்து அளக்கும் கருவி உண்டு. அதை மாட்டினால் காற்றும் தப்பும், ஆளும் தப்புவான்.

பெரிய கசிவு எப்படி நேருகிறது என்பதற்கு அலிஸோ கான்யன் சாட்சி. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஓரத்தில், காலியான பழைய எண்ணெய்ப் படுகையில் எரிவாயுவை அழுத்தி நிரப்பிச் சேமிக்கும் இடம் அது. அங்கே 1953ல் தோண்டிய ஒரு கிணற்றில் 2015 அக்டோபர் 23ம் தேதி கசிவு தெரிந்தது. மேலிருந்து அடைக்கப் பலமுறை முயன்றும் முடியவில்லை. பக்கத்தில் வேறொரு கிணறு தோண்டி, அடியில் போய்ப் பிடித்து, 2016 பிப்ரவரியில்தான் நிறுத்தினார்கள். அதற்குள் சுமார் 1 லட்சம் டன் மீத்தேன் போயிற்று. தலைவலியும் வாந்தியும் மூக்கில் ரத்தமுமாக ஜனங்கள் தவித்தனர். 8,000க்கு மேற்பட்ட குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறின.

காரணம் என்ன? நிலத்தடி நீர் பட்டு இரும்புக் குழாய் வெளிப்புறத்தில் அரித்துப் போயிருந்தது. அந்த வயலில் அதற்கு முன் 60க்கும் மேற்பட்ட குழாய்க் கசிவுகள் நேர்ந்தும், ஏன் என்று கம்பெனி ஆராயவே இல்லை என்று 2019ல் வந்த விசாரணை அறிக்கை கூறுகிறது. இந்தக் கிணற்றின் ஆழத்தில் இருந்த பாதுகாப்பு வால்வை 1979ல் கழற்றியவர்கள் மறுபடி ஒன்றை மாட்டவுமில்லை. ஒரு வால்வில் மிச்சம் பிடித்த கம்பெனி, 2021ல் 35,000க்கு மேற்பட்டவர்களுக்கு 180 கோடி டாலர் வரை நஷ்டஈடு தர ஒப்புக்கொண்டது.

கம்பெனி எழுதிய கணக்கு

கசிவை அளக்காமலே கணக்கு எழுதுவது இந்தத் தொழிலின் வழக்கம். இத்தனை வால்வு, ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று பெருக்கிப் போட்டுவிடுவார்கள். 2018ல் விஞ்ஞானிகள் பலர் சேர்ந்து வயல்வெளியில் நேரடியாக அளந்த விவரங்களைத் தொகுத்தார்கள். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 1 கோடியே 30 லட்சம் டன் போகிறது என்று தெரிந்தது. சர்க்கார் ஏட்டில் இருந்ததைவிட இது 60 சதவீதம் அதிகம்! கழிவுப் பஞ்சை நிறுக்கும் தராசு இங்கே எங்கே போயிற்று?

அடைக்கப் பணமில்லையா? இந்தக் கசிவை 2030க்குள் முக்கால் பங்கு குறைக்க மொத்தம் 10,000 கோடி டாலர் ஆகும், 2022ல் இந்தத் தொழில் அடைந்த நிகர வருமானத்தில் அது 3 சதவீதத்துக்கும் குறைவு என்று அதே ஏஜென்ஸி 2023ல் கணக்குக் காட்டியது. பிடித்த வாயுவை விற்றாலே பெரும் பங்குச் செலவு திரும்பிவிடும். அப்படியும் ஏன் செய்வதில்லை? ஓட்டையை அடைப்பதில் வரும் லாபத்தைவிடப் புதுக் கிணறு தோண்டுவதில் வரும் லாபம் பெரிது. காற்றில் விட்டதற்கு யாரும் பில் அனுப்புவதுமில்லை.

அந்த பில்லை அனுப்ப அமெரிக்கா ஒருமுறை முயன்றது. 2022 சட்டத்தில், வரம்புக்கு மேல் வீணாக்கும் மீத்தேனுக்கு டன்னுக்கு 900 டாலரில் தொடங்கி 1,500 டாலர் வரை கட்டணம் விதித்தார்கள். 2025 மார்ச்சில் அதற்கான விதியை ரத்து செய்தார்கள். அதே ஜூலையில் கட்டணத்தையே 2034க்குத் தள்ளினார்கள். கசிவைத் தேடி அடைக்கச் சொல்லும் விதிகளும் அப்படியே: 2016ல் வந்தது, 2020ல் வெட்டப்பட்டது, 2021ல் திரும்பியது. ஆட்சி மாறினால் ஓட்டைக்கும் மோட்சம்! இன்னொரு பக்கம் நார்வேயைப் பாருங்கள். அதுவும் எண்ணெய் விற்றுப் பிழைக்கும் நாடுதான். வாயுவை வீணாக எரிக்க அங்கே 1970களிலிருந்தே தடை. 1991லிருந்து கடல் மேடைகளில் எரிக்கும் வாயுவுக்கு வரி. உலகிலேயே மிகக் குறைவாகக் கசிய விடும் நாடுகளில் அது ஒன்று. சட்டம் கடுமையாக நின்றதால் கம்பெனிகள் ஒன்றும் ஓடிப்போய்விடவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 2021ல் கிளாஸ்கோவில், மீத்தேனை 2030க்குள் 30 சதவீதம் குறைப்போம் என்ற உலக உறுதிமொழி தொடங்கப்பட்டது. 150க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்தன. இந்தியா சேரவில்லை. நெல் வயலிலிருந்தும் மாட்டிலிருந்தும்தான் நமக்கு அதிக மீத்தேன், ஏழை விவசாயி தலையில் கை வைக்க முடியாது என்பது வாதம். நெல் வயலில் மீத்தேன் வருவது உண்மைதான். சோறு போடும் வயலையும் லாபம் போடும் குழாயையும் ஒரே தட்டில் நிறுக்கக்கூடாது என்பதும் சரிதான். ஆனால் கேட்கிறோம்: எண்ணெய்க் கம்பெனியின் வால்வு என்ன, எருமை மாடா? விவசாயியின் முதுகுக்குப் பின்னால் அது ஏன் ஒளிந்துகொள்ள வேண்டும்?

கதிராமங்கலத்தை மறக்க முடியுமா? 2017 ஜூன் 30ம் தேதி ஓ.என்.ஜி.சி. குழாயில் கசிந்த எண்ணெய் வயலில் பரவியது. பதில் கேட்டு உட்கார்ந்த ஜனங்களுக்குத் தடியடியும் கைதும் கிடைத்தன. 2020ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. புதுக் கிணறுகளுக்கு அது தடை போட்டது; முன்பே நடந்துவந்த வேலைகளைத் தொடவில்லை. பழைய கிணறுகளும் பழைய குழாய்களும் நம் வயல்களுக்கு நடுவே இருக்கின்றன. அவற்றை ஆண்டுக்குச் சிலமுறையாவது காமிரா வைத்துச் சோதிக்க வேண்டும். எந்தக் கிணற்றில் என்ன ஒழுகியது, என்றைக்கு அடைத்தார்கள் என்ற விவரத்தைப் பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் தமிழில் ஒட்ட வேண்டும். கசிவைக் கண்டு சொல்லும் காண்டிராக்ட் தொழிலாளிக்கு மறுநாள் வேலை போகாது என்று எழுத்தில் உத்தரவாதம் வேண்டும். கிராம சபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்க எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.