‘முதல் பெண்’ என்று கைதட்டும் முன்

ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து ஒரு பெண் ஏதோவொரு துறையில் முதன்முதலாக நுழைந்தால் நாம் கைதட்டுகிறோம், படத்தைப் பகிர்கிறோம். இத்தனை காலம் ஏன் ஒருவர்கூட இல்லை என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

மார்த்தா பெர்னாலை எடுத்துக்கொள்வோம். 1962இல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் அப்பட்டத்தைப் பெற்ற முதல் லத்தீனப் பெண் அவர்தான். அந்நாட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண் அதே பட்டத்தை வாங்கியது 1894இல். நடுவில் 68 ஆண்டுகள். அந்த இடைவெளிக்குப் பெயர் திறமைக் குறைவா?

விடை தொடக்கப்பள்ளியில் இருக்கிறது. மெக்சிகோவிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1931இல் டெக்சாஸில் பிறந்த மார்த்தா, எல் பாசோ நகரில் வளர்ந்தார். வீட்டில் ஸ்பானிஷ், பள்ளியில் ஸ்பானிஷ் பேசினால் தண்டனை. அம்மாவின் மொழி அவமானத்துக்குரியது என்பதுதான் அங்கே ஒரு குழந்தை படித்த முதல் பாடம்.

அதே காலத்து உளவியல் இந்த அநீதிக்கு அறிவியல் முத்திரை குத்தியது. ஸ்பானிஷ் பேசும் குழந்தைகளுக்கு ஆங்கிலத்தில் நுண்ணறிவுத் தேர்வு வைத்து, மதிப்பெண் குறைந்ததும் ‘மனவளர்ச்சி குன்றியவர்கள்’ வகுப்பில் தள்ளினார்கள். கலிஃபோர்னியாவில் ஒன்பது குழந்தைகளின் சார்பில் வழக்கு நடந்து, தாய்மொழியிலும் சோதிக்க வேண்டும் என்று 1970இல்தான் உடன்பாடு வந்தது. கோணல் அளவுகோலில் இருந்தது. பழி குழந்தைமேல் விழுந்தது.

பட்டம் வாங்கியதும் கதவு திறந்துவிடவில்லை. பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று பல்கலைக்கழகங்கள் அவருக்கு வெளிப்படையாகவே பதில் சொல்லின. பிறகு வேலை கிடைத்து, நடத்தைச் சிக்கல் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்குப் பயிற்சி தரும் முறைகளை ஆராய்ந்து பெயர் பெற்றார். அந்த வெற்றியோடு நின்றிருக்கலாம். அவர் நிற்கவில்லை.

1970களில் தன் துறையையே ஆய்வுப் பொருளாக்கினார். மருத்துவ உளவியல் கற்பிக்கும் துறைகளில் சிறுபான்மை ஆசிரியர்கள் எத்தனை பேர், மாணவர்கள் எத்தனை பேர், அம்மக்களைப் பற்றிய பாடம் உண்டா என்று கேட்டுக் கணக்கெடுத்தார். அமாடோ பதில்லாவுடன் சேர்ந்து 1982இல் ‘அமெரிக்கன் சைக்காலஜிஸ்ட்’ இதழில் நிலவரத்தை வெளியிட்டார். உள்ளே போனவர் உள்ளேயிருந்து எண்ணிக் காட்டினால், யாரும் இல்லை என்பதை மறுக்க முடியாது.

1986இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனபின் ஜார்ஜ் நைட் போன்றவர்களோடு மெக்சிக அமெரிக்கக் குழந்தைகளிடம் திரும்பினார். தான் யார், தன் மக்கள் யார் என்பதைச் சிறு பிள்ளைகள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள்? வயது ஏற ஏற அந்தப் புரிதல் வளர்கிறது, தாய் வீட்டில் சொல்லிக்கொடுப்பதோடு அதற்குத் தொடர்பு உண்டு என்று அந்த ஆய்வுகள் காட்டின. பள்ளி தண்டித்து அழிக்க நினைத்த ஒன்றைத்தான், அதே போன்றதொரு பள்ளியில் படித்த பெண், குழந்தை வளர்ச்சியின் ஒரு பகுதி என்று ஆய்வேட்டில் எழுதினார். 2001இல் காலமானார்.

ஒருவர் நுழைந்துவிட்டால் போதும், மற்றவர்கள் தானாக வருவார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. பெர்னாலின் அனுபவம் அதை மறுக்கிறது. பட்டம் வாங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்தும் அவர் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. தானாக எதுவும் வரவில்லை.

மாணவத் தோழர்களே, அடுத்த முறை ‘முதல்’ என்ற செய்தி வரும்போது கைதட்டுவோம், தவறில்லை. கையோடு இரண்டு கேள்விகளையும் கேட்போம்: இரண்டாவது ஆள் எங்கே? நம் பிள்ளைகளை அளக்கும் கோலை யார் செய்தார்கள்?