டிராக்டரின் கிளட்சும் சங்கத்தின் பொறுப்பும்

கங்கைகொண்ட சோழபுரத்துப் பொன்னேரிக் கரையை அறியாத அங்கத்தினர் நம்மில் இரார். இராஜேந்திர சோழன் 11ஆம் நூற்றாண்டில் சோழகங்கம் என்னும் பெயரால் அமைத்த ஏரி அது. அதனைப் போன்ற உயர்ந்த கரை ஒன்றிலிருந்து இறங்கும் சரிவில், சென்ற கரும்பு வெட்டுக் காலத்தில், பாரம் ஏற்றிய டிரெய்லருடன் ஒரு சங்கத்து டிராக்டர் கட்டுக்கடங்காமல் உருண்டதை நேரில் கண்டேன். ஓட்டுநர் பிரேக்கை மிதித்தும் வேகம் உடனே தணியவில்லை. கீழே உழுது போட்டிருந்த வயலில் சக்கரம் புதைந்தமையால் உயிர்ச்சேதம் நேரவில்லை.

குற்றம் ஓட்டுநருடையதன்று. அவ்வண்டி தானியங்கிக் கிளட்சு பொருத்தியது. நம் பக்கத்து டிராக்டர்களில் மிகப் பலவும் காலால் மிதிக்கும் கிளட்சு உடையவை. விலை மிகுந்த சில புதிய வண்டிகளில் மட்டும் இவ்வசதி உண்டு. பிரேக்கை மிதித்த மாத்திரத்தில் கிளட்சும் தானே விலகிவிடும். இலேசாக மிதித்தால் விலக வேண்டுமா, அழுத்தி மிதித்தால் விலக வேண்டுமா என்பதை ஓட்டுநரே அமைத்துக் கொள்ளலாம். வேண்டாவெனில் அறவே நிறுத்தியும் வைக்கலாம்.

வைக்கோல் கட்டும் யந்திரத்தை இழுக்கும்போது இவ்வசதி பெரும் உதவி. ஒவ்வொரு உருளைக்கும் கயிறு சுற்றி முடியும்வரை வண்டி நிற்க வேண்டும். பின்னாலுள்ள யந்திரமோ சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். இங்கே இலேசான மிதிக்கே கிளட்சு விலகும்படி வைப்பது ஓட்டுநரின் காலுக்கு ஓய்வு. சரிவில் நிலைமை வேறு. கியரில் பூட்டிய எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. கிளட்சு விலகினால் அப்பிடி போய்விடும்; பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். நம் டிரெய்லர்கள் பலவற்றுக்குத் தனிப் பிரேக்கும் இல்லை. அன்று நடந்ததும் இதுவே: முதல் வாரம் வைக்கோலுக்கு வைத்த அமைப்பை மறு வாரம் கரும்புக்கு யாரும் மாற்றவில்லை.

கிளட்சு எத்துணை விரைவாகப் பற்ற வேண்டும் என்று அமைக்கும் வசதியும் சில வண்டிகளில் உண்டு. பாரத்துடன் கிளம்புகையில் மெல்லப் பற்றினால் வண்டி துள்ளாது. மண் அள்ளி முன்னும் பின்னும் போகும் வேலைக்கு விரைந்து பற்றுவதே நன்று. கடுமையான பாரத்தில் மிகவும் மெதுவாகப் பற்றவிட்டால் வழுக்கிச் சூடேறித் தகடு தேயும்.

"யந்திரமே பார்த்துக்கொள்ளும் என்றுதானே கூடுதல் விலை கொடுத்தோம்?" என்று ஒரு டைரக்டர் என்னைக் கேட்டார். நெசவாள அங்கத்தினர்கள் இதற்கு என்னைவிட நன்றாகப் பதில் சொல்வார்கள். பருத்திக்குக் கட்டிய பாவின் இறுக்கத்திலேயே பட்டையும் நெய்து பாருங்கள் என்பார்கள்.

காலால் மிதிக்கும் கிளட்சு உள்ள சங்கங்களும் இதைத் தம்மைச் சேராத பேச்சென்று தள்ள வேண்டாம். மிதியில் கைப்புத்தகம் சொல்லும் அளவு தளர்வு இல்லையெனில் தகடு முழுதும் பற்றாமல் வழுக்கும். இரட்டைக் கிளட்சு வண்டியில் பாதி மிதித்தால் ஓட்டம் மட்டும் நிற்கும், முழுதும் மிதித்தால் ரோட்டவேட்டரும் நிற்கும் என்பதை அறியாமல் ஓட்டுவோரையும் கண்டிருக்கிறேன்.

தவறு என் பக்கமும் உண்டு. தணிக்கைக்குச் செல்லும் நான் டீசல் கணக்கையும் வாடகை வசூலையும் கேட்பேன். கிளட்சைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. வண்டியின் ஓட்டப் பதிவேட்டில் ஒரு பத்தி சேர்த்தால் போதும். இன்று என்ன வேலை, கிளட்சு எந்த அமைப்பில், மாற்றியவர் யார் என்று சாவி வாங்கும்போதே ஓட்டுநர் எழுதிக் கையொப்பமிடட்டும். வண்டி வாங்கும் நாளில் ஓட்டுநருக்கும், அவர் விடுப்பில் செல்லும்போது ஓட்டுகிறவருக்கும், விற்பனையாளரைக் கொண்டே வயலிலும் சரிவிலும் ஓட்டிக் காட்டச் செய்யட்டும் நிர்வாகக் குழு. இரண்டாமவரை நாம் மறந்துவிடுகிறோம். அன்று கரையில் ஓட்டியவர் அவர்தான்.