எல்லை தாண்டினாலும் தொடரும் பொறுப்பு: பாறசாலை, நெய்யாற்றின்கரை உணவக உரிமையாளர்களின் சொத்துக்கு எது பாதுகாப்பு?

நெய்யாற்றின்கரை: கேரளத்தின் தென்கோடியில் நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை வழியாகக் களியக்காவிளையை அடையும் பழைய தேசிய நெடுஞ்சாலையின் இருபுறமும் உணவகங்களும் தட்டுக்கடைகளும் நிறைந்துள்ளன. இவற்றில் உண்பவர்களும், சமைக்கப்படும் மீன், கோழி, காய்கறி, பாலும் இரு மாநிலங்களிலிருந்தும் வருகின்றன. இத்தகைய உணவகம் ஒன்றில் உண்டவர் உணவு நஞ்சாகி உயிரிழந்தால், கடையுடன் உரிமையாளரின் வீடும் நிலமும் கேள்விக்குள்ளாகும்.

சொத்தை மனைவி பெயருக்கு எழுதி வைத்தாலோ, எல்லைக்கு அப்பால் நிலம் வாங்கிப் போட்டாலோ தப்பிவிடலாம் என்ற எண்ணம் சிறு வணிகர்களிடையே பரவலாக உள்ளது. நடைமுறையில் உள்ள சட்டங்களைப் பார்த்தால், அந்த எண்ணத்துக்கு ஆதாரம் மிகக் குறைவு.

கடும் நடவடிக்கைகளின் பின்னணி

காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் 2022 மே மாதம் ஷவர்மா உண்ட 16 வயது மாணவி உயிரிழந்தார். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். பாதிக்கப்பட்டோரிடம் ஷிகெல்லா பாக்டீரியா கண்டறியப்பட்டது. இதையடுத்து அதே ஆண்டு செப்டம்பரில் ஷவர்மா தயாரிப்புக்கான வழிகாட்டு நெறிமுறைகளைக் கேரள அரசு வெளியிட்டது. 2023 ஜனவரியில் கோட்டயத்தில் உணவக உணவை உண்ட செவிலியர் ஒருவர் உயிரிழந்த வழக்கில், தலைமைச் சமையலாளர் கைது செய்யப்பட்டார்.

அதே மாதத்தில் பச்சை முட்டையில் தயாரிக்கப்படும் மயோனைஸுக்குக் கேரள அரசு தடை விதித்தது. பார்சல் உணவில் தயாரித்த நேரத்தையும், எந்த நேரத்துக்குள் உண்ண வேண்டும் என்பதையும் குறிப்பிட வேண்டும் என உத்தரவிட்டது. உணவகப் பணியாளர்களுக்கு மருத்துவச் சான்று அட்டையும் கட்டாயமாக்கப்பட்டது.

தமிழகத்திலும் இத்தகைய மரணம் நிகழ்ந்துள்ளது. நாமக்கல்லில் 2023 செப்டம்பரில் ஷவர்மா உண்ட 14 வயது சிறுமி உயிரிழந்த வழக்கில், உணவக உரிமையாளரே கைது செய்யப்பட்டார். ஆனால் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு ஓராண்டுத் தடை விதித்தது 2025 ஏப்ரல் 8 முதல்தான். அதாவது, பாறசாலையில் தடை செய்யப்பட்ட ஒரு பொருளை, அடுத்துள்ள களியக்காவிளையில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக விற்க முடிந்தது. எல்லைக்கு அப்பால் சட்டப்படி கிடைத்த பொருள் என்பது, அதைக் கேரளத்தில் பரிமாறியவருக்குத் தற்காப்பாக அமையாது என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

சொத்தைத் தொடும் சட்டப் பிரிவுகள்

இந்தியா முழுமைக்கும் பொதுவான உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006-இன் 59-ஆவது பிரிவின்படி, பாதுகாப்பற்ற உணவால் மரணம் நேர்ந்தால் 7 ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத் தண்டனையும், 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கப்படும். சிறைத் தண்டனை ஆயுள் வரை நீளலாம்.

65-ஆவது பிரிவின்படி, உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் இழப்பீடு வழங்க வேண்டும். கொடுங்காயத்துக்கு 3 லட்சம் ரூபாய் வரையிலும், பிற பாதிப்புகளுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலும் இழப்பீடு விதிக்கப்படலாம். மரணம் அல்லது கொடுங்காயம் நேர்ந்த வழக்குகளில் உரிமத்தை ரத்து செய்வதுடன், நிறுவனத்தையும் சொத்தையும் பறிமுதல் செய்யவும் இதே பிரிவு அதிகாரம் அளிக்கிறது.

96-ஆவது பிரிவும் முக்கியமானது. விதிக்கப்பட்ட தண்டத் தொகையைச் செலுத்தத் தவறினால், அது நில வருவாய் நிலுவையைப் போல வசூலிக்கப்படும். செலுத்தும் வரை உரிமமும் நிறுத்தி வைக்கப்படும். நில வருவாய் நிலுவையாக வசூலிப்பது என்றால், வருவாய்த் துறையே அசையும், அசையாச் சொத்துகளை ஜப்தி செய்து ஏலம் விடலாம் என்பது பொருள்.

எல்லை ஏன் அரணாகாது?

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நீடித்தது. அந்தப் பிரிவினையால் எல்லையின் இருபுறமும் உறவும் நிலமும் கொண்ட குடும்பங்கள் இங்கு உள்ளன. பாறசாலையில் கடையும் விளவங்கோடு பக்கம் வீடும் இருப்பது இப்பகுதியில் வியப்புக்குரியதல்ல.

ஆனால் வசூல் நடவடிக்கைக்கு மாநில எல்லை தடையல்ல. 1890-ஆம் ஆண்டின் வருவாய் மீட்புச் சட்டப்படி, ஒரு மாவட்ட ஆட்சியர் அனுப்பும் சான்றிதழின் அடிப்படையில், சொத்து அமைந்துள்ள மற்றொரு மாவட்டத்தின் ஆட்சியர் நிலுவையை வசூலிக்கலாம். திருவனந்தபுரத்திலிருந்து புறப்படும் சான்றிதழ் நாகர்கோவிலில் செயலுக்கு வரும். உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணையையும், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவின்படி, சொத்துள்ள இடத்தின் நீதிமன்றத்துக்கு மாற்றி நிறைவேற்றலாம்.

வழக்குத் தொடுக்கும் இடமும் உரிமையாளரின் கையில் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 34-ஆவது பிரிவு, புகார்தாரர் தாம் வசிக்கும் அல்லது பணிபுரியும் பகுதியின் மாவட்ட ஆணையத்திலேயே புகார் அளிக்க வழி செய்கிறது. பாறசாலையில் உண்டு பாதிக்கப்பட்ட மார்த்தாண்டம்வாசி, நாகர்கோவிலில் உள்ள கன்னியாகுமரி மாவட்ட ஆணையத்தை அணுகலாம். இதற்கு இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. ஆணையத்தின் உத்தரவை மீறினால், ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கும் இடமுள்ளது.

பெயர் மாற்றத்தின் ஆபத்து

கடன் கொடுத்தவர்களுக்கோ இழப்பீடு பெற வேண்டியவர்களுக்கோ கிடைக்க வேண்டியதைத் தடுக்கும் நோக்கில் செய்யப்படும் சொத்து மாற்றத்தை, சொத்து மாற்றுச் சட்டம், 1882-இன் 53-ஆவது பிரிவின்கீழ் அவர்கள் செல்லாததாக்கக் கோரலாம். வழக்கு நிலுவையில் உள்ளபோதே சொத்தை விற்கவோ மறைக்கவோ முயல்வது தெரியவந்தால், தீர்ப்புக்கு முன்பே ஜப்தி செய்ய நீதிமன்றம் உத்தரவிட முடியும்.

தெரிந்த வருமானத்திலிருந்து மனைவி அல்லது பிள்ளைகள் பெயரில் சொத்து வாங்குவதைப் பினாமி தடைச் சட்டம் குற்றமாகக் கருதுவதில்லை. ஆனால் பணியாளர், நண்பர் போன்றோர் பெயரில் வாங்கி, பலனைத் தாமே அனுபவிப்பது பினாமி பரிவர்த்தனையாகும். 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இதற்கு ஓராண்டு முதல் ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவலும், சொத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதமும் உண்டு, சொத்தும் பறிமுதலாகும்.

தொழில் அமைப்பும் வங்கிக் கடனும்

தனி நபர் பெயரில் நடக்கும் உணவகத்தில் கடைக்கும் உரிமையாளருக்கும் சட்டம் வேறுபாடு பார்ப்பதில்லை. கடையின் கடன் அவருடைய கடனே. 1932-ஆம் ஆண்டுச் சட்டப்படியான கூட்டாண்மையில், ஒரு கூட்டாளியின் செயலால் எழும் பொறுப்புக்கு மற்ற கூட்டாளியின் வீடும் ஆளாகும். எல்.எல்.பி எனப்படும் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை அல்லது தனியார் நிறுவனமாகப் பதிவு செய்தால், தொழில் கடன்களுக்கான பொறுப்பு பொதுவாக நிறுவனத்தின் சொத்தோடு நிற்கும்.

எனினும் இதற்கு இரண்டு விதிவிலக்குகள் உள்ளன. தமது சொந்தத் தவறுக்கான பொறுப்பிலிருந்து எந்தப் பதிவும் ஒருவரை விடுவிக்காது. வங்கிக் கடனுக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் அளித்தாலோ வீட்டை அடமானம் வைத்தாலோ, அந்த அளவுக்கு அரண் தகர்ந்துவிடும்.

வழக்கு முடிவதற்கு முன்பே வீட்டை எட்டக்கூடியது இந்தக் கடன்தான். அவசரத் தடை உத்தரவால் கடை மூடப்பட்டால் வருமானம் நிற்கும். மாதத் தவணை நிற்காது. 90 நாள்களுக்கு மேல் தவணை நிலுவையானால் கடன் வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். அதன்பின் சர்பாசி சட்டத்தின்கீழ் 60 நாள் அவகாச அறிவிப்பு அனுப்பி, அடமானச் சொத்தை வங்கி கையகப்படுத்தலாம். எனவே, கடன் பெறும்போது குடியிருக்கும் வீட்டைப் பிணையாக வைக்காமல் இருப்பதே முதன்மையான சொத்துப் பாதுகாப்பு. 2024-25 நிதிநிலை அறிக்கையில், முந்தைய முத்ரா கடனை முறையாகத் திருப்பிச் செலுத்தியவர்களுக்கான உச்சவரம்பு 20 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. பிணையற்ற இக்கடன் சிறு உணவகங்கள் பரிசீலிக்கத்தக்க வழியாகும்.

ரசீதே கேடயம்

சட்டம் உரிமையாளருக்குத் தற்காப்பும் வழங்குகிறது. குற்றத்தைத் தவிர்க்க உரிய கவனம் அனைத்தையும் செலுத்தியதாக நிரூபித்தால், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 80-ஆவது பிரிவு அதைத் தற்காப்பாக ஏற்கிறது. ஆனால் நிரூபிக்க ஆவணம் வேண்டும். உணவுப் பொருளை விற்பவர் அதன் தன்மை, தரம் குறித்து எழுத்துமூலம் உறுதி தர வேண்டும் என 26-ஆவது பிரிவு கூறுகிறது. விற்பனை ரசீதே அந்த உறுதியாகக் கருதப்படும்.

எல்லைப் பகுதியில் இதன் அவசியம் இரட்டிப்பாகிறது. 2018 ஜூனில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறையின் சாகர் ராணி சோதனையில், அமரவிளை சோதனைச் சாவடியில் ஃபார்மலின் கலந்த மீன் பறிமுதல் செய்யப்பட்டது. தமிழகத்திலிருந்து வரும் பாலைச் சோதிக்கப் பாறசாலையில் பால்வளத் துறையின் பரிசோதனை நிலையம் உள்ளது. சாவடியில் சிக்காமல் உள்ளே வந்த சரக்கு சமையலறையில் பிடிபட்டால், ரசீது இல்லாத உரிமையாளரே தனித்து நிற்க நேரிடும்.

கொள்முதல் ரசீது, குளிர்பதன வெப்பநிலைப் பதிவேடு, குடிநீர்ப் பரிசோதனை அறிக்கை, பணியாளர்களின் மருத்துவச் சான்று ஆகியவற்றை மூன்று ஆண்டுகளாவது வைத்திருப்பது நல்லது. குற்றம் நடந்த ஓராண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்றாலும், மூன்று ஆண்டுகள் வரை அந்த அவகாசத்தை நீட்டிக்க உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அதிகாரம் உண்டு. மாதிரி எடுக்கப்படும்போது, அதன் ஒரு பகுதியை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்புமாறு உரிமையாளர் கோரலாம். பகுப்பாய்வாளர் அறிக்கையை எதிர்த்து 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யவும் முடியும். அறிவிப்பைப் பிரிக்காமல் மேசையில் போட்டு வைப்பவர் இந்த உரிமையை இழக்கிறார்.

கூட்டாண்மையோ நிறுவனமோ, ஒவ்வொரு கிளைக்கும் உணவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஒருவரை 66-ஆவது பிரிவின்கீழ் நியமிக்கலாம். நியமிக்கத் தவறினால், தொழிலை நடத்தும் பொறுப்பில் இருந்த அனைவர் மீதும் வழக்குப் பாயும். உணவு நஞ்சாதலுக்கும் பொருந்தும் பொறுப்புக் காப்பீடு எடுத்திருந்தால், இழப்பீட்டுச் சுமையைக் காப்பீட்டு நிறுவனம் பகிரும். ஆனால் குற்ற வழக்கின் அபராதத்தையும் சிறைத் தண்டனையையும் எந்தக் காப்பீடும் ஏற்காது.

மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2024-ஆம் ஆண்டு மாநிலக் குறியீட்டில் கேரளம் முதலிடமும், தமிழகம் இரண்டாமிடமும் பெற்றன. எல்லையின் எந்தப் பக்கம் கடை நடத்தினாலும் கண்காணிப்பு தளராது என்பதையே இது காட்டுகிறது. விபத்துக்குப் பின் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு ஓடுவதைவிட, தினமும் கடை அடைக்கும் முன் பதிவேட்டில் இரண்டு வரி எழுதி வைப்பதே சிறு உணவக உரிமையாளரின் வீட்டுக்கு உறுதியான காவல்.